கண்ணுக்குக் குருத்தணு சிகிச்சை: செத்துப்போனது எந்த அணு?

ஆப்பிள் மரத்தின் ‘ஸ்டெம் செல்’ அடங்கிய தூளை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்தால் மங்கிய பார்வை தெளியும் என்கிறது ஒரு செய்தி. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினால் விழித்திரை புதுப்பிக்கப்படும் என்கிறது இன்னொன்று. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த படலத்தை ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு மூதாட்டியின் கண்ணில் பொருத்தினார்கள் என்பது மூன்றாவது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த மூன்றும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. மூன்றிலும் ஒரே சொல் இருப்பதால் மூன்றும் ஒரே சிகிச்சைதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் மூன்றாவது நடந்தது. இரண்டாவது கண்ணைக் கெடுத்திருக்கிறது. முதலாவது வெறும் வியாபாரம். இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், கண்ணில் எந்த அணு செத்துப்போனது, அந்த இடத்தில் எந்த அணுவை வைக்கப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும்.

குருத்தும் மட்டையும்

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தானே பொருளைச் சொல்லிவிடும். செம்பனையின் உச்சியில் விரியாமல் நிற்கும் குருத்து பின்னர் மட்டையாக விரிகிறது. விரிந்த மட்டை மறுபடியும் குருத்தாவதில்லை. நம் உடம்பின் அணுக்களும் அப்படித்தான். தோல் அணு, நரம்பணு, இரத்த அணு என ஒவ்வொன்றும் தனக்குரிய வேலையை ஏற்று, அதிலேயே நிலைத்துவிட்டது. இன்னும் எந்த வேலையையும் ஏற்காமல், பெருகிக்கொண்டே இருந்து, வேண்டும்போது வேறு அணுவாக மாறக்கூடியது குருத்தணு. இதில் மூன்று வகைகள் உண்டு. வதந்திகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பிறக்கின்றன.

1. கருக் குருத்தணு. கருவுற்ற சில நாள்களுக்குள் எடுக்கப்படுவது. உடம்பின் எந்த அணுவாகவும் மாறக்கூடியது. மனிதக் கருவிலிருந்து இதை முதன்முதலில் பிரித்து வளர்த்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன், ஆண்டு 1998.

2. தூண்டப்பட்ட குருத்தணு. வளர்ந்த ஒருவரின் தோல் அல்லது இரத்த அணுவை எடுத்து, சில மரபணுக்களைச் செலுத்தி, அதைப் பழைய குருத்து நிலைக்கே திருப்புவது. மட்டை குருத்தாகாது என்று மேலே சொன்னதை ஜப்பானின் ஷின்யா யாமானாக்கா ஆய்வுக்கூடத்தில் பொய்யாக்கினார். 2006இல் எலியின் அணுவிலும் 2007இல் மனித அணுவிலும் நான்கே மரபணுக்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். 2012இல் ஜான் கர்டனுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

3. உடற் குருத்தணு. வளர்ந்தவர் உடம்பிலேயே அங்கங்கே தங்கியிருப்பது. இதன் ஆற்றல் தன் குடும்பத்துக்குள் அடங்கியது. எலும்பு மஜ்ஜையில் உள்ளது இரத்தமாகும். தோலில் உள்ளது தோலாகும். கொழுப்பில் கிடைப்பது கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றின் பக்கம் சாயக்கூடியது. அது கண்ணுக்குள் போனதும் விழித்திரை அணுவாக மாறிவிடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

கண்ணில் எது எங்கே இருக்கிறது

கண்ணின் முன்புறம் கண்ணாடி போன்ற கருவிழிப் படலம். அதன் பின்னே வில்லை. வயதானபோது இது மங்குவதே கண்புரை. கண்ணின் உட்சுவரில், பின்புறம், விழித்திரை. விழித்திரையில் ஒளியை உணர்பவை கோலணுக்களும் கூம்பணுக்களும் ஆகும். கோலணுக்கள் மங்கிய வெளிச்சத்துக்கு உரியவை. ஏறத்தாழ 60 இலட்சம் கூம்பணுக்கள் நிறத்துக்கும் நுணுக்கமான பார்வைக்கும் உரியவை. கூம்பணுக்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் நடுப்பகுதியை மாக்குலா என்கிறார்கள். எழுத்து வாசிப்பதும் எதிரில் இருப்பவரின் முகம் அறிவதும் அந்தச் சிறு இடத்தால்தான்.

ஒளியுணர் அணுக்களுக்கு அடியில் ஒற்றை அடுக்காக நிறமி அணுக்கள் பரவியிருக்கின்றன. இவை ஒளியை உணர்வதில்லை. உணரும் அணுக்களைப் பராமரிக்கின்றன. ஒவ்வோர் ஒளியுணர் அணுவும் தன் நுனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கிறது. அந்தக் கழிவை விழுங்கி அகற்றுவது, இரத்தத்திலிருந்து உணவைக் கடத்திக் கொடுப்பது, தீர்ந்துபோன வைட்டமின் ஏ மூலப்பொருளைப் புதுப்பித்துத் திருப்பி அனுப்புவது என எல்லாமே இந்த அடுக்கின் வேலை. இது செத்தால் மேலே உள்ளவையும் பட்டினியில் சாகும். ஒளியுணர் அணுக்கள் அனுப்பும் குறிப்பைத் திரட்டி மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு.

ஆக, ‘பார்வை போய்விட்டது’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் கருவிழி, வில்லை, நிறமி அடுக்கு, ஒளியுணர் அணு, நரம்பு என ஐந்து வெவ்வேறு இடங்கள் இருக்கலாம். குருத்தணு மருத்துவம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தூரம் போயிருக்கிறது. சிலவற்றில் அது இன்னும் புறப்படவே இல்லை.

முன்கண்: உண்மையாகவே வெற்றி கண்ட இடம்

குருத்தணு சிகிச்சை முழுமையான மருத்துவமாக நிலைபெற்றிருப்பது கண்ணின் முன்புறத்தில்தான். விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இராது. தோட்டத்து மக்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் வேண்டும். ஊரில் மலாய்ச் சொல்லை அப்படியே எடுத்துச் ‘சுக்கா’ என்பார்கள். கேனில் வரும் கடுமையான சுக்காவைத் தண்ணீர் உள்ள வாளியில் ஊற்றிக் கலக்கும்போது, கேனின் வாய் ஒரு முறை ‘குளுக்’ என்று காற்றை உள்ளிழுத்தால் போதும், திரவம் எகிறித் தெறிக்கும். குனிந்து நிற்பவரின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா இன்னும் மோசம். அமிலம் பட்ட இடத்திலேயே திசுவை உறையவைத்து ஓரளவு தானே தடைபட்டுக்கொள்ளும்; காரப் பொருளோ திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். களைக்கொல்லியும் இந்தப் பட்டியலில் சேரும். பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பங்கு தோட்டத்துப் பெண்கள்.

இத்தகைய தீக்காயத்தில் கருவிழியின் விளிம்பு அழிந்துபோகலாம். வெள்ளை விழியும் கருவிழியும் சந்திக்கும் அந்த வட்ட விளிம்பில்தான் கருவிழியின் மேற்பரப்பைக் காலமெல்லாம் புதுப்பிக்கும் உடற் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. அவை அழிந்தால் வெள்ளை விழியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழியின் மேல் படர்ந்து மூடிவிடும். இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் நிலைக்காது. ஏனென்றால் புதிய கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்க ஆளில்லை. வேலி போன தோட்டத்தில் கன்று நட்ட கதைதான்.

இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே தெ லூக்கா ஆகியோர் இதற்கு வழி கண்டனர். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுத் திசுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் படலமாக வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்தினார்கள். முதல் முடிவுகள் 1997இல் வெளிவந்தன. 112 நோயாளிகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்ற கண்களில் 76.6 விழுக்காட்டில் கருவிழி நிலையாகத் தெளிந்திருந்தது. 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதை ‘ஹோலோக்ளார்’ என்ற பெயரில் மருந்தாகவே அனுமதித்தது.

ஆய்வுக்கூடம் வைத்து வளர்ப்பதற்கு ஆகும் செலவு ஏழைக்கு எட்டாது என்பதை உணர்ந்து, ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவக் கழகத்தில் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் 2012இல் எளிய முறையொன்றை வெளியிட்டனர். நல்ல கண்ணிலிருந்து எடுத்த சிறு திசுவை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, நோயுற்ற கண்ணின் மேல் விரித்த பனிக்குடப் படலத்தில் நேரடியாக ஒட்டிவிடுவார்கள். அணுக்கள் அங்கேயே வளர்ந்து பரவும். ஆய்வுக்கூடமும் வேண்டாம், இரண்டாம் அறுவையும் வேண்டாம். இந்தத் துறையில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவற்றுள் எளியவருக்கு அதிகம் பயன்பட்டது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. நோபல் பரிசு பெற்ற வழி கூட இன்னும் அத்தனை பேரைச் சென்றடையவில்லை.

ஒரு குறை உண்டு. இரண்டு கண்ணும் வெந்துபோனால் எடுப்பதற்கு நல்ல கண் இராது. ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் கோஜி நிஷிடாவின் குழுவினர் தூண்டப்பட்ட குருத்தணுவிலிருந்து கருவிழிப் படலம் வளர்த்து நான்கு நோயாளிகளுக்குப் பொருத்தி, 2024 நவம்பரில் முடிவை வெளியிட்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இவ்வளவு பேசினாலும் சுக்கா தெறித்த கண்ணுக்கு முதல் மருந்து பச்சைத் தண்ணீர்தான். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் ஓடும் நீரில் கழுவிய பிறகே வண்டி ஏற்ற வேண்டும். மருத்துவமனைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று புறப்பட்டால், வழியிலேயே அந்த விளிம்பு வெந்து முடிந்துவிடும்.

பின்கண்: சோதனைக் கட்டத்தில் நிற்கும் இடம்

செய்தித்தாள்களில் அதிகம் அடிபடுவது முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவு. இது இருவகைப்படும். உலர்வகையில் நிறமி அடுக்கு திட்டுத்திட்டாகத் தேய்ந்து மறைகிறது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும். ஈரவகையில் விழித்திரைக்கு அடியில் தகாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. கதவு நிலையோ மின்கம்பமோ வளைந்து தெரிவது இதன் முதல் அடையாளமாக இருக்கும், சில வாரங்களிலேயே பார்வை போகலாம். ஈரவகைக்கு இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசி 2004 முதல் உண்டு, அது குருத்தணு அன்று. உலர்வகைக்கு 2023இல் அமெரிக்கா இரண்டு ஊசி மருந்துகளை அனுமதித்தது. அவை தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கின்றனவே தவிர, இழந்ததைத் திருப்பித் தருவதில்லை.

இழந்ததைத் திருப்பித் தர முடியுமா என்பதே குருத்தணு ஆய்வாளர்களின் கேள்வி. அவர்கள் நிறமி அடுக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிறமி அணு நரம்புடன் இணைப்புப் போட வேண்டியதில்லை. சரியான இடத்தில், சரியான பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்தால் தன் வேலையைத் தொடங்கிவிடும். தேவைப்படுவது ஒரு சிறு துண்டுதான். கண் ஒளி ஊடுருவும் உறுப்பு என்பதால் வைத்த அணு உயிரோடு இருக்கிறதா என்று மருத்துவர் நேரே எட்டிப் பார்க்கலாம்.

2011 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் கருக் குருத்தணுவிலிருந்து பெற்ற நிறமி அணுக்களை முதன்முதலாக நோயாளிகளின் கண்ணில் செலுத்தினார். 18 பேரின் முடிவு 2014இல் வந்தது: கட்டி எதுவும் வளரவில்லை, 13 பேரின் கண்ணில் புதிய நிறமி தெரிந்தது, சிலருக்குப் பார்வை ஓரளவு கூடியது. அந்த ஆய்வின் நோக்கம் பாதுகாப்பைச் சோதிப்பது மட்டுமே. ‘18 பேருக்குப் பார்வை கிடைத்தது’ என்று அதை அப்போது பரப்பியவர்கள் ஆய்வைப் படிக்காதவர்கள்.

2014 செப்டம்பர் 12 அன்று ஜப்பானின் கோபே நகரில் மாசாயோ தாக்காஹாஷியின் குழு, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் சொந்தத் தோலிலிருந்து உருவாக்கிய தூண்டப்பட்ட குருத்தணுவை நிறமிப் படலமாக வளர்த்து அவர் கண்ணில் பொருத்தியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த மூதாட்டி இவர்தான். ஓராண்டுக்குப் பிறகும் படலம் உயிரோடு இருந்தது, கட்டி வரவில்லை. பார்வை? கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பகிரப்படும் செய்தியில் இந்தக் கடைசி வாக்கியம் எப்போதும் விடுபட்டிருக்கும். இரண்டாவது நோயாளிக்காக வளர்த்த அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் மருத்துவர்கள் அந்த அறுவையையே கைவிட்டனர். வைக்கக்கூடாது என்று முடிவெடுக்கும் துணிவை எதிர்பார்க்கும் துறை இது.

இலண்டனில் லிண்டன் டா குரூஸ், பீட் காஃபி ஆகியோரின் குழு, கருக் குருத்தணுவிலிருந்து வளர்த்த 6 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒட்டுத்துண்டை இரண்டு நோயாளிகளுக்கு வைத்தது. இருவரும் ஈரவகையால் திடீரெனப் பார்வை இழந்தவர்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் ஒருவர் பார்வைப் பலகையில் கூடுதலாக 29 எழுத்துகளையும் மற்றவர் 21 எழுத்துகளையும் வாசித்தனர். பலகையின் ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்துகள். ஆகவே இது நான்கு முதல் ஏறத்தாழ ஆறு வரிகள் வரை கீழே இறங்கி வாசிப்பதற்குச் சமம். நல்ல முடிவுதான். ஆனால் இருவர் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லை. 2022இல் அமெரிக்கத் தேசியக் கண் கழகத்தின் கபில் பார்தி குழு, உலர்வகை நோயாளி ஒருவருக்கு அவரது சொந்த இரத்த அணுவிலிருந்து வளர்த்த ஒட்டுத்துண்டைப் பொருத்தியிருக்கிறது. இன்றுவரை விழித்திரைக்கான குருத்தணுச் சிகிச்சை எதற்கும் அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ விற்பனை அனுமதி வழங்கவில்லை.

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது

1. நேரம் தவறுகிறது. நிறமி அடுக்கைப் புதுப்பித்தாலும், அதன் மேலிருந்த ஒளியுணர் அணுக்கள் முன்னமே செத்திருந்தால் பயனில்லை. பால்மரம் காய்ந்த பிறகு உரம் போடுவது போலாகும். ஆனால் புதிய சிகிச்சையை முதலில் நல்ல கண்ணில் செய்து பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. பெரிதும் கெட்ட கண்ணில்தான் தொடங்க வேண்டும். ஆதலால் தொடக்க ஆய்வுகளில் பெரிய பலன் தெரிவது அரிது.

2. உடம்பு ஏற்க வேண்டும். கருவிலிருந்தோ பிறரிடமிருந்தோ வந்த அணுவை நோயெதிர்ப்பு ஆற்றல் எதிர்க்கும். அதை அடக்கும் மருந்துகள் எழுபது வயதுக்காரருக்கு, அதிலும் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவருக்கு, எளிய விஷயமல்ல. சொந்த அணுவிலிருந்து வளர்த்தால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் ஒரே ஆளுக்காகப் பல மாதம் வளர்த்துச் சோதிக்க வேண்டும்.

3. ஒன்றிரண்டு அணுக்கள் குருத்து நிலையிலேயே தங்கிவிட்டால் கட்டியாகலாம். வளர்ப்பின்போது மரபணுக் கோளாறும் சேரலாம். கோபேயில் இரண்டாவது அறுவை நின்றது இதனால்தான்.

4. அறுவையே ஆபத்து. விழித்திரையைச் சற்றே தூக்கி, அதன் அடியில் மயிரிழைப் பருமனைவிட மெல்லிய படலத்தை விரிக்க வேண்டும். கை தவறினால் இருக்கும் பார்வையும் போய்விடும்.

மாலைக்கண்ணும் நரம்பும்

ஒளியுணர் அணுவே சாகும் பரம்பரை நோயொன்று உண்டு. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. மருத்துவத்தில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பார்கள். இரவில் கண் தெரியாமல் தொடங்கி, பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் ஒருவர், மற்றவர்கள் எளிதாக நடக்கும் நிரையில் தான் மட்டும் தடுக்கி விழுகிறார் என்றால், அது வெறும் மாலைக்கண்ணா, அதாவது வைட்டமின் ஏ குறைவா, இந்த நோயா என்று பார்க்க வேண்டும். நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் இதன் சில வகைகள் வர வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அக்காள் மகள் மணம் வழக்கமாக இருந்த நம் குடும்பங்களில் இதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்வது நல்லது; நோய்க்குக் காரணமான மரபணு எதுவென்று தேட அது உதவும்.

அந்த மரபணு எது என்பது முக்கியம். ஆர்.பி.இ.65 என்ற ஒரு மரபணுக் குறைக்கு மட்டும் 2017 டிசம்பரில் அமெரிக்கா மரபணுச் சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. அது குருத்தணுச் சிகிச்சை அன்று. பெயர் வேறு, வழி வேறு. செத்த ஒளியுணர் அணுவுக்கு மாற்றாக வைக்கும் புதிய அணு, அடுத்த நரம்பணுவுடன் தானே கைகோத்துக்கொள்ள வேண்டும். விலங்குகளில் இதற்கான முயற்சிகள் நடக்கின்றன. மனிதரில் நம்பியிருக்கும் நிலை வரவில்லை. கண் அழுத்த நோயில் சாகும் பார்வை நரம்பின் நிலை இன்னும் கடினம். அங்கே புதிய அணு கண்ணிலிருந்து மூளைவரை ஓர் இழையைச் சரியான முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

புளோரிடாவில் மூன்று பெண்கள்

2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மாக்குலாச் சிதைவு உள்ள மூன்று பெண்கள் ஒரு தனியார் கிளினிக்கில் தலா 5,000 டாலர் செலுத்திச் சிகிச்சை பெற்றனர். வயது 72 முதல் 88 வரை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்ததை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசியால் செலுத்தினார்கள். சில நாள்களிலேயே இரத்தக் கசிவு, கண் அழுத்தம், விழித்திரை பிரிதல் எனத் தொடர்ந்து, மூவரும் பார்வையை இழந்தனர். ஒருவருக்கு ஒளி இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போயிற்று. சிகிச்சைக்கு முன் அவர்கள் ஓரளவு பார்வையோடு நடந்து வந்தவர்கள். 2017 மார்ச்சில் இந்த விவரம் மருத்துவ இதழில் வெளிவந்தது. தற்செயலாக, கோபே மூதாட்டியின் அறிக்கையும் அதே இதழின் அதே வெளியீட்டில்தான் வந்தது. ஓர் இதழில் அடுத்தடுத்து நின்ற இரண்டு கட்டுரைகள்; நம்மூர்த் துண்டறிக்கைகள் கோபே கட்டுரையின் படத்தை ஒட்டி, புளோரிடாக் கட்டுரையின் சரக்கை விற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செய்தார்கள் என்பது. கண்புரை போல நன்கு தேறிய அறுவையில்கூட ஒரு கண் ஆறிய பிறகே மற்றதைத் தொடுவது பரவலான வழக்கம். சோதனை நிலையிலுள்ள ஒன்றை இரண்டு கண்ணிலும் சேர்த்துச் செய்ய எந்த முறையான ஆய்வும் அனுமதிக்காது.

தூள் பற்றி

நீண்ட விளக்கம் வேண்டாம். தாவர அணு மனித அணுவாகாது. வாயில் போட்டது எதுவாயினும் குடல் அதைச் செரித்துத் துண்டாக்கிவிடும். கீரை தின்றவர் கீரையாவதில்லை. நாக்கின் அடியில் வைத்தாலும் முழு அணு எதுவும் இரத்தத்துக்குள் நுழையாது.

மலேசியச் சட்டம் சொல்வது

1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டத்தில் 20 நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவற்றைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். இனிப்புநீர், இரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றோடு கண் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கண் நோயைக் குணமாக்கும் என்று துண்டறிக்கையில் அச்சிட்டவர், பொருள் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு முன்னமே சட்டத்தை மீறிவிட்டார்.

மருந்தாக விற்கும் பொருளுக்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் பதிவு வேண்டும். பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘டி’ (T) என்றால் பாரம்பரிய, இயற்கைப் பொருள். ‘என்’ (N) என்றால் உடல்நலத் துணைப்பொருள். இந்த இரண்டையும் பதிவு செய்யும்போது பெரிதும் பார்ப்பது பாதுகாப்பும் தரமும்தான். நோயைத் தீர்க்கும் என்று அந்த எண் சான்று தருவதில்லை. உணவு என்ற பெயரில் வருவதற்கு ‘மால்’ எண்ணே வேண்டாம், ஆனால் அதற்கு நோய் தீர்ப்பதாகச் சொல்லும் உரிமையும் இல்லை. கண்ணுக்குள் செலுத்தும் உயிரணுவோ இந்த முகமையின் உயிரணு, மரபணுச் சிகிச்சைப் பொருள்களுக்கான விதிகளின் கீழ் வரும். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

நம்மூரில் கண் போவது எதனால்

2014இல் நடந்த தேசியக் கண் ஆய்வு, 50 வயதைக் கடந்தவர்களில் பார்வையிழப்புக்கான காரணங்களைக் கணக்கெடுத்தது. 58.6 விழுக்காடு அறுவை செய்யாத கண்புரை, 10.4 விழுக்காடு இனிப்புநீரால் வரும் விழித்திரைக் கோளாறு, 6.6 விழுக்காடு கண் அழுத்த நோய். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோர் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அப்போது நாட்டின் மொத்த விகிதம் 18.3.

இந்த எண்களை மேலே பார்த்த ஐந்து இடங்களோடு பொருத்திப் பாருங்கள். கண்புரை வில்லையில் வருவது. செயற்கை வில்லை வைத்தால் தீர்ந்தது, அங்கே குருத்தணுவுக்கு வேலையே இல்லை. இனிப்புநீர்க் கோளாறு விழித்திரையின் இரத்தக் குழாய்களில் தொடங்குவது; சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், லேசரும், ஊசியும் அதற்கு உரியவை, அதுவும் பார்வை போவதற்கு முன். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து. போன நரம்பு வராது, இருப்பதைக் காக்கலாம். தோட்டத்து முதியவர் ஒருவர் குருத்தணுத் தூளுக்குச் சேமிப்பைக் கொடுக்கும்போது, அவருடைய கண்ணில் இருப்பது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றுதான். தூள் தின்று காத்திருக்கும் ஆறு மாதத்தில், லேசரால் காப்பாற்றியிருக்கக்கூடிய விழித்திரை கசிந்து முடிந்துவிடும். தூளால் நேரும் உண்மையான தீங்கு அந்த ஆறு மாதம்தான்.

யாராவது குருத்தணுச் சிகிச்சை என்று வீட்டுக்கு வந்தால் கேட்க வேண்டியவை

1. என் கண்ணில் செத்திருப்பது எந்த அணு, நீங்கள் வைக்கப் போவது எந்த அணு? ‘ஸ்டெம் செல்’ என்பது இதற்குப் பதிலாகாது.

2. இது ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா? ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே, பணம் ஏன் கேட்கிறீர்கள்? முறையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவது அரிது. ஆய்வுப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது. புளோரிடாப் பெண்களில் சிலரும் தாங்கள் ஓர் ஆய்வில் சேர்ந்திருப்பதாகவே நம்பியிருந்தார்கள்.

3. இதே மருந்தை மூட்டுவலிக்கும் சிறுநீரகத்துக்கும் இனிப்புநீருக்கும் கொடுக்கிறீர்களா? ஆம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எந்த அணு என்று அறிய விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் இனிப்புநீர்ப் பதிவு உள்ளவர்களுக்கு விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்; மலேசியருக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். படத்தில் ஐயம் இருந்தால் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அங்கே பாவை விரிவதற்காகச் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், கைப்பேசியின் எழுத்து மங்கும். மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு போக வேண்டும்.